செத்தவளை மட்டும்தான் பிடிக்குமா?

லிசா சீ எழுதிய 'பியோனி இன் லவ்' நாவலின் மூன்று பாகங்களில் முதல் பாகம் முடிவதற்குள் கதாநாயகி செத்துவிடுகிறாள். மீதி இரண்டு பாகங்களையும் பேயாக நின்று அவளே சொல்கிறாள். 2007இல் அமெரிக்காவில் வெளியான இந்த ஆங்கில நாவலை நம் தோழிகள் பலர் படித்திருக்கிறார்கள். இலக்கியம் படிக்கும் மாணவிகளிடம் இதைப் பற்றிப் பேசினால் கண் பளபளக்கப் பேசுகிறார்கள். பதினாறு வயதில், காதல் ஏக்கத்தில், சோறு தண்ணீர் மறுத்து, கையில் புத்தகத்தோடு செத்துப்போகிற ஒருத்தி. யாருக்குத்தான் மனம் இளகாது?

அந்த இளக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினேழாம் நூற்றாண்டுச் சீனா. ஹாங்சோ நகரில் மேற்கு ஏரிக்கரையில் ஒரு செல்வந்தர் வீடு. மிங் பேரரசு வீழ்ந்து மஞ்சுக்களின் சிங் ஆட்சி வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த வீட்டுத் தோட்டத்தில் ஓர் இசைநாடகம் நடக்கிறது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் பியோனி, வந்திருந்த இளைஞன் ஒருவனைச் சந்தித்துக் காதல் கொள்கிறாள். ஆனால் அவளுக்கு ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது. நிச்சயிக்கப்பட்டவனும் இவனும் ஒரே ஆள்தான் என்பது அவளுக்குத் தெரியாது. அறைக்குள் பூட்டப்படுகிறாள், புத்தகங்கள் எரிக்கப்படுகின்றன, உண்ணாமல் மெலிந்து சாகிறாள். பிறகு பேயாக அலைகிறாள். காதலனின் வீட்டுக்குள் புகுந்து, அவன் அடுத்து மணந்த பெண்ணை ஆட்டிவைக்கிறாள். அதற்கும் அடுத்தவளுக்குத் துணை நிற்கிறாள்.

இந்தக் கதைக்கு அடியில் உண்மையிலேயே வாழ்ந்த மூன்று பெண்கள் இருக்கிறார்கள். சென் தோங், தான் ஸே, சியென் யீ. மூவரும் வூ ரென் என்ற ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து உரியவர்கள் ஆனவர்கள். சென் தோங் நிச்சயம் ஆனதோடு சரி, திருமணத்துக்கு முன்பே இறந்தார். மூவரும் சேர்ந்து ஒரு நாடகத்துக்கு உரை எழுதினார்கள். அது 1694இல் 'மூன்று மனைவியர் உரை' என்று அச்சேறியது. சீனத்தில் பெண்கள் எழுதி அச்சில் வந்த இலக்கியத் திறனாய்வுகளில் இதுவே முதன்மையானது என்று ஆய்வாளர்கள் கொண்டாடுகிறார்கள். உரையாசிரியர் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மீசை வைத்த முகங்கள்தானே நினைவுக்கு வருகின்றன? அங்கேயும் அப்படித்தான். நாடகத்துக்கும் நாவலுக்கும் விளிம்பில் குறிப்பு எழுதி அச்சிடுவது ஜின் ஷெங்தான் போன்ற ஆண் அறிஞர்களின் களமாக இருந்தது. அந்தக் களத்துக்குள் நுழைந்து எழுதிய மூன்று பெண்களை எடுத்து, அவர்களிடமிருந்து ஒரு பேய்க் காதல்கதையைப் பிழிந்திருக்கிறார் லிசா சீ.

அந்த நாடகம் தாங் ஷியான்சு 1598இல் எழுதி முடித்த 'பியோனி மண்டபம்'. ஐம்பத்தைந்து காட்சிகள். அதிகாரி ஒருவரின் மகள் து லீநியாங். தோட்டத்தில் தூங்கும்போது கனவில் ஓர் இளைஞனைக் கூடுகிறாள். விழித்ததும் அவன் இல்லை. ஏங்கிச் சாகிறாள். தன் உருவத்தைத் தானே வரைந்து வைத்துவிட்டுச் சாகிறாள். மூன்று ஆண்டுகள் கழித்து அதே இளைஞன் லியூ மெங்மெய் அந்தப் படத்தைக் கண்டெடுக்க, ஆவியாக வந்து அவனோடு இரவுகளைக் கழிக்கிறாள். பிறகு அவன் கல்லறையைத் தோண்ட, உயிரோடு எழுகிறாள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆவியாக இருந்தவரை யாரையும் கேட்காமல் அவன் அறைக்குப் போனவள், உயிர் பெற்றதும் பெற்றோர் சம்மதம், தரகர், சடங்கு என்று பேசத் தொடங்குகிறாள். பேய்க்கு இல்லாத கட்டுப்பாடு பெண்ணுக்கு உண்டு என்கிறாள். உடல் திரும்பக் கிடைத்த அன்றே ஒழுக்கமும் திரும்பி வந்துவிடுகிறது! தாங் ஷியான்சு இதைக் கிண்டலாக எழுதினாரா, கரிசனத்தோடு எழுதினாரா என்று இன்றும் விவாதிக்கலாம். எப்படியானாலும், ஆசைப்படுவதற்கு ஒரு பெண் முதலில் சாக வேண்டியிருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார்.

நாடகத்தைப் படித்த பெண்கள் பித்துப் பிடித்ததுபோல ஆனார்கள் என்பது வரலாறு. லோஜியாங்கைச் சேர்ந்த யூ என்ற பெண் விளிம்பெல்லாம் குறிப்பு எழுதிவைத்துப் பதினேழு வயதில் இறந்ததைக் கேட்டு நாடகாசிரியரே இரங்கற்பா எழுதினார். ஷியாவ்சிங் என்று ஒருத்தி. ஹாங்சோக்காரர் ஒருவருக்கு வைப்பாக விற்கப்பட்டவள், மூத்த மனைவியால் ஏரி நடுவிலுள்ள குன்றில் ஒதுக்கி வைக்கப்பட்டவள், 1612இல் இறந்தவள் என்று சொல்லப்படுகிறவள். அவளுடைய கவிதைகளை மூத்தவள் எரித்தாள், தப்பியவை 'எரிந்தது போக மிஞ்சியவை' என்று தொகுக்கப்பட்டன. ஷியாவ்சிங்கைப் பற்றி ஆண்கள் எழுதிக் குவித்த வாழ்க்கைக் குறிப்புகளுக்கும் நாடகங்களுக்கும் அளவில்லை. அழகி, அறிவாளி, அனாதை, அதற்கெல்லாம் மேலாகச் செத்துப்போனவள். வேறென்ன வேண்டும்? உயிரோடு இருக்கும் பெண் எழுத்தாளர் பதில் பேசுவார், திருத்தம் கேட்பார், முன்னுரையில் ஒரு வரியை எடுக்கச் சொல்வார். செத்தவளிடம் அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது.

லிசா சீயின் நாவல் இந்த ஆண் மரபின் நேர் வாரிசு என்பதே என் குற்றச்சாட்டு. பெண் எழுதியது என்பதால் அது மாறிவிடாது.

நாவலில் பேய் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். பியோனியின் முன்னோர் பலகையில் பொட்டு வைக்கப்படவில்லை. இறந்தவரின் பெயரை மரப்பலகையில் எழுதி, சடங்கு செய்து, கடைசியாக ஒரு புள்ளி வைத்தால்தான் ஆவிக்கு வீட்டில் இடம். அந்தப் புள்ளி விடுபட்டதால் அவள் பசித்த பேயாகத் திரிகிறாள். இதைப் படிக்கிறவர்கள் ஏதோ ஒரு சின்னக் கவனக்குறைவால் நேர்ந்த விபரீதம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது கவனக்குறைவே இல்லை. தந்தைவழிக் குடும்பத்தில் மணமாகாத மகளுக்குப் பிறந்த வீட்டுப் பூசைமாடத்தில் இடமே கிடையாது. அவள் பெயர் ஏற வேண்டியது கணவன் வீட்டில். கணவன் வீட்டுக்குப் போகும் முன் செத்தால் எங்கும் பெயர் இல்லை, எவரும் படையல் வைக்க மாட்டார்கள். இறந்த பெண்ணுக்கு ஆவித்திருமணம் செய்துவைக்கும் வழக்கம் அங்கே வந்தது இதனால்தான். சீனப் பெண்பேய் என்பது வம்சாவளிக் கணக்கில் வரவு வைக்கப்படாத பெண். மூடநம்பிக்கை, மர்மம் என்று நாம் ரசிக்கிற அந்தப் புகைமூட்டத்துக்குப் பின்னால் சொத்தும் வாரிசும் பற்றிய கறாரான சட்டம் உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சட்டம் தவறு என்று நாவல் கோபப்படும் என எதிர்பார்த்துக்கொண்டே படித்தேன். கோபம் வரவில்லை. அந்தப் புள்ளி எப்போது வைக்கப்படும் என்ற ஏக்கம்தான் வருகிறது. கடைசியில் ஆவித்திருமணம் நடக்கிறது, பியோனி முறைப்படி மனைவி ஆகிறாள், நாமும் அப்பாடா என்று மூச்சு விடுகிறோம். நூற்றுக்கணக்கான பக்கங்கள் அலைந்த ஒருத்திக்குக் கிடைத்த விடுதலை, ஓர் ஆணின் வீட்டுப் பலகையில் முதல் மனைவி என்ற இடம்.

வரலாறு சொல்வது இதைவிட ஆயிரம் மடங்கு சுவையானது. சென் தோங் நாடகத்தைப் படித்துப் படித்து விளிம்பில் எழுதிக்கொண்டே இருந்தார். வாசிப்புதான் மகளின் நோய்க்குக் காரணம் என்று நினைத்த தாய் புத்தகங்களைக் கொளுத்தினார். அதில் முதல் பாகம் மட்டும் தப்பியது. தப்பவைத்தவர் பால் கொடுத்து வளர்த்த தாதி. அதைப் பூவேலை மாதிரிகளை அழுத்தி வைக்கப் பயன்படுத்தினார் என்றும், பிறகு வூ ரென்னிடம் விற்றார் என்றும் பதிவு இருக்கிறது. அவர் அதைக் காசாக்கியதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. படித்தவர்கள் எரித்த புத்தகத்தைப் படிக்காதவர் காப்பாற்றினார். இந்த வேலைக்காரப் பெண்ணின் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

அடுத்து வந்த தான் ஸே அந்தப் பிரதியைப் படித்தார். மனப்பாடம் ஆகும்வரை படித்தார். இறந்துபோன, ஒருநாளும் பார்த்திராத ஒருத்தியின் மனம் எப்படி ஓடியது என்று பிடித்துக்கொண்டு, எரிந்துபோன இரண்டாம் பாகத்துக்குத் தானே உரை எழுதினார். திருமணமான மூன்றே ஆண்டுகளில் இறந்தார். ஒருத்தி பாதியில் விட்ட வேலையை இன்னொருத்தி எடுத்து, அவள் குரலைக் கெடுக்காமல், தன் குரலையும் சேர்த்து முடிப்பது என்பது எவ்வளவு பெரிய காரியம்! இரண்டு பெண்களுக்கு இடையே நடந்த இப்படி ஓர் உரையாடலுக்கு உலக இலக்கியத்தில் எத்தனை உதாரணம் காட்ட முடியும்?

இந்தத் தான் ஸேயை லிசா சீ என்ன செய்தார் தெரியுமா? பொறாமைக்காரி ஆக்கினார். செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்டவள், அற்பமானவள், கொடுமைக்காரி. அதோடு விடவில்லை. தான் ஸே எழுதியதையும் அவள் எழுதவில்லை என்று ஆக்கிவிட்டார். நாவலில் பேயாக வந்த பியோனிதான் அவளை இயக்குகிறாள், அவள் மனதுக்குள் எண்ணங்களைப் போட்டு எழுதவைக்கிறாள். கை தான் ஸேயுடையது, அறிவு பேயுடையது. படுக்கையறையிலும் அதே ஏற்பாடுதான். ஒரு பெண்ணின் உடலை இன்னொருத்தி கருவியாக்கி ஓர் ஆணை இன்புறச் செய்கிறாள். இதைக் காதலின் உச்சம் என்று வாசகர்கள் மெச்சுகிறார்கள்.

மூன்று மனைவியர் உரை அச்சில் வந்தபோது, பெண்களால் இப்படி எழுத முடியாது, கணவன்தான் எழுதியிருப்பான் என்று சந்தேகம் கிளப்பினார்கள். முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு பெண் நாவலாசிரியர் வந்து, கணவன் எழுதவில்லை, பேய் எழுதியது என்கிறார். இரண்டு தீர்ப்பிலும் தான் ஸேயின் கை காலி.

வூ ரென்னையும் சும்மா விடுவதற்கில்லை. நாவலில் அவர் கவிஞர், மென்மையானவர், மனைவியரை மதிப்பவர். வரலாற்றில் இந்த உரை கைப்பிரதியாகச் சுற்றியபோது அது அவர் எழுதியதாகவே அறியப்பட்டது, அவரும் மறுக்கவில்லை. தான் ஸே தன் பெயர் வெளியே தெரிவதை விரும்பவில்லை, அதனால்தான் என்று காரணம் சொல்லப்படுகிறது. சொன்னவர் யார்? அவரேதான். மனைவியின் அடக்கத்துக்குக் கணவனின் வாக்குமூலம் போதும், மனைவியின் அறிவுக்கு மட்டும் சாட்சி மேல் சாட்சி வேண்டும். தான் ஸே உண்மையிலேயே தயங்கியிருக்கலாம். அந்தக் காலத்துப் படித்த பெண்கள் பலர் தம் கவிதைகளைத் தாமே எரித்தார்கள், வீட்டுக்கு வெளியே பெயர் போவது குலத்துக்கு இழுக்கு என்று வளர்க்கப்பட்டவர்கள். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில் நாவல் அவளுக்கு ஒரு கெட்ட குணத்தை ஒட்டிவிட்டுப் போகிறது.

நாவலின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. யாங்சோ பகுதிகளைப் படித்து நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1645இல் மஞ்சுப் படை யாங்சோவைப் பிடித்துப் பத்து நாள் கொன்று குவித்தது. அதிலிருந்து தப்பிய வாங் ஷியூசூ என்ற ஆண் எழுதிவைத்த குறிப்பு புகழ்பெற்றது. அதில் படைவீரர்களோடு இணங்கிப்போன பெண்களைப் பற்றிக் கசப்போடு பேசுகிறார். கத்தி முனையில் ஒருத்தி என்ன செய்திருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தாரோ! லிசா சீ அந்த இடத்தில் பியோனியின் தாயை நிறுத்துகிறார். பிறரைக் காப்பாற்றத் தன் உடலைக் கொடுத்த பெண், பிறகு அதைப் பற்றி ஒரு சொல் பேசாமல், சாவிக்கொத்தும் கண்டிப்புமாக வீட்டை ஆள்கிறாள். மகளைப் பூட்டிவைப்பதும் புத்தகத்தைக் கொளுத்துவதும் எந்தப் பயத்திலிருந்து வந்தவை என்று அப்போதுதான் புரிகிறது. இந்தத் தாயைப் பற்றி முழு நாவல் எழுதியிருந்தால் நான் லிசா சீயின் வீட்டு வாசலில் மாலையோடு நின்றிருப்பேன். ஆனால் தாய் நாற்பதைத் தொட்டவள், உயிரோடு இருப்பவள், அழகாக மெலிந்து சாகாதவள்.

இந்த நாவல் வந்திராவிட்டால் மூன்று மனைவியர் பற்றி நமக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு தோழி கேட்டார். ஜூடித் ஸைட்லின், டோரதி கோ என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 1994லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்கள். தோங், ஸே, யீ மூவரையும் வாசகர்களாக, சிந்திப்பவர்களாக அவர்கள் காட்டினார்கள். ஆய்வு நூலை எல்லோரும் படிக்க மாட்டார்கள், நாவலைத்தான் படிப்பார்கள் என்பது உண்மை. அதனால்தான் நாவல் எதைத் தூக்கிக் கொடுக்கிறது என்று கேட்கிறேன். மாணவிகளுக்கு அது உண்ணாமல் சாவதைத் தூக்கிக் கொடுக்கிறது. சாப்பாட்டை மறுப்பதை ஆசையின் மொழியாக, எழுதுவதற்கான தகுதியாக மாற்றித் தருகிறது. விடுதி அறையில் தட்டைத் தள்ளிவைக்கும் பெண்களைப் பார்த்தவள் நான். அந்த மெலிவில் காவியம் ஒன்றுமில்லை, மயக்கமும் மாதவிடாய் நிற்பதும்தான் இருக்கின்றன.

சாகாதவள் கதைக்கு வருவோம். மூன்றாவதாக வந்த சியென் யீ அதிகம் படித்தவர் அல்லர். திருமணத்துக்குப் பின் உறவுக்காரப் பெண் ஒருவரிடம் பாடம் கேட்டுத்தான் இலக்கியத்துக்குள் வந்தார். முன்னவர்கள் இருவரின் உரையையும் இரவு விளக்கில் படித்தார், தன் குறிப்புகளைச் சேர்த்தார். பிறகு அவர் கணவரிடம் வாதாடினார். ஷியாவ்சிங் எழுதியதாகச் சொல்லப்படும் உரை காணாமல் போய்விட்டது, இவர்களுடையதும் அப்படிப் போக வேண்டுமா என்று கேட்டார். தன் நகைகளை விற்று அச்சுப்பலகை வெட்டக் காசு கொடுத்தார்.

நகையை விற்றார் என்று ஒரு வரியில் கடந்துபோகிறோம். மர அச்சு என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பலகை. பேரி மரம் போன்ற கடின மரத்தில் ஒவ்வோர் எழுத்தையும் தலைகீழாகச் செதுக்க வேண்டும். ஐம்பத்தைந்து காட்சி, அதற்கு உரை, முன்னுரை, பின்னுரை. பெரும் செலவு. ஒரு மனைவிக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்ததெல்லாம் அந்த நகைதான். அதைக் கொண்டு, தனக்கு முன் அந்த வீட்டுக்கு உரியவர்களாக இருந்த இரண்டு பெண்களின் பெயரை மரத்தில் வெட்டவைத்தார். பொறாமைக்கு இடம் இருந்த உறவு அது. நாவலில் பியோனி ஏங்கிய மரப்பலகை அவளை ஓர் ஆணின் மனைவி ஆக்குகிறது, சியென் யீ வெட்டவைத்த மரப்பலகைகள் சென் தோங்கை நூலாசிரியர் ஆக்கின.

அவர் தனியாகவும் இல்லை. ஹாங்சோவின் வாழைத் தோட்டக் கவிக்குழுவைச் சேர்ந்த லின் யீநிங் அந்தப் பதிப்புக்கு முன்னுரை எழுதினார். நாடகாசிரியர் ஹோங் ஷெங்கின் மகள் ஹோங் சிசெ உள்ளிட்ட பெண்கள் பின்னுரை எழுதினார்கள். ஊர்ப்பெண்கள் சேர்ந்து ஒரு புத்தகத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஹூ வென்காய் என்ற அறிஞர் தொகுத்த சீனப் பெண் எழுத்தாளர் அட்டவணையில் 4,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை மிங், சிங் காலத்தவை. அவர்களில் முதுமைவரை வாழ்ந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், மாணவியருக்குக் கற்பித்தவர்கள், ஓவியம் விற்றுக் குடும்பம் நடத்தியவர்கள் எல்லோரும் உண்டு. இவர்களையெல்லாம் தாண்டிவந்து, ஏன் ஒரு பேயின் கையைப் பிடித்துக்கொண்டோம்?

ஆவி மேல் சியென் யீக்கும் நம்பிக்கை இருந்தது. நூல் அச்சாகி வந்ததும் முற்றத்தில் பீடம் வைத்து, து லீநியாங்குக்குப் படையல் போட்டு, புத்தகத்தை அதன் முன் வைத்து வணங்கினார். கணவர் சிரித்தார். நாடகத்தில் வருகிறவள், அப்படி ஒருத்தி இருந்ததே இல்லையே என்றார். சியென் யீ விட்டுக்கொடுக்கவில்லை, பதிலுக்கு வாதாடினார். பிறகு கனவில் தான் கண்ட லீநியாங்கை வரைந்தார். அந்தப் படமும் உரையோடு சேர்த்து அச்சிடப்பட்டது.